துணைக்கு நிற்பவள் யார்?

(திருவண்ணாமலை, ரமணாசிரமம் பகுதியில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைக் குருவானவர் ஆற்றிய உரை)



வழக்கமாக இந்தக் கூடுகையில் மருத்துவமனையின் ஓராண்டுப் பணிகளையும் வரவு செலவுகளையும் உங்களுக்கு வாசித்துக் காட்டுவோம். இம்முறை அவற்றை அச்சிட்டு உங்கள் கைகளில் கொடுத்திருக்கிறோம். பேசுவதற்குக் கிடைத்திருக்கும் நேரத்தை ஒரே ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதற்காக எடுத்துக்கொள்ள விரும்புகிறோம். அந்தக் கேள்வி இந்தப் பகுதியிலிருந்துதான் எங்களுக்கு வந்தது.

ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களை நீங்கள் அறிவீர்கள். கார்த்திகை தீபம் முடிந்து குளிர்காலம் தொடங்கினால் செங்கம் சாலை முழுவதும் வெளிநாட்டவர் நடமாட்டம்தான். அவர்கள் தங்கும் விடுதிகளில் சமைக்கவும் துணி துவைக்கவும் அறை பெருக்கவும் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். அவர்களில் ஒருத்தி எங்களுக்குப் பழக்கமானவள். அவள் பிறந்ததே எங்கள் மருத்துவமனையில்தான். பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். அவள் வேலை செய்யும் விடுதியில் தங்கிய ஒரு வெளிநாட்டு அம்மையார், தம்முடைய ஊரில் தாம் ‘டூலா’ வேலை செய்வதாகவும், பிரசவ வேளையில் தாய்மாருக்குத் துணை இருப்பதே தம் தொழில் என்றும் அவளிடம் சொல்லியிருக்கிறார்.

சில நாள் கழித்து அவள் எங்களைத் தேடி வந்தாள். “ஐயா, டூலா ஆவறதுக்கு என்னா படிக்கணும்? கம்ப்யூட்டர்லயே கிளாஸ் நடத்தி சர்டிபிகேட் குடுக்கறாங்களாம். பல ஆயிரம் ஆவுதாம். என் தோட்டை அடகு வச்சிக் கட்டலாமான்னு பாக்கறேன்” என்றாள். பிறகு சற்றுத் தயங்கி, “எங்க ஆயா பார்த்த வேலைதானே ஐயா இது? அவங்ககிட்ட ஒரு சர்டிபிகேட்டும் இல்லையே” என்று கேட்டாள்.

உடனே பதில் சொல்ல எங்களால் இயலவில்லை. எங்கள் மகப்பேறு மருத்துவரிடமும் செவிலியர் கண்காணிப்பாளரிடமும் கேட்டு, நாங்களும் படித்துப் பார்த்து, அவளுக்கு என்ன பதில் சொன்னோம் என்பதை இன்று உங்களிடமும் சொல்லுகிறோம். அவளுடைய ஆயாவைக் குறித்தும் பிறகு சொல்லவேண்டியிருக்கிறது.

முதலாவது, அந்தச் சொல்லைப் பார்ப்போம். இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர்களுக்கு அது புதிய சொல் அல்ல. ‘அடிமைப் பெண்’, ‘வேலைக்காரி’ என்பதே அதன் பொருள். லூக்கா சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், தேவதூதனுக்குப் பதில் சொல்லும்போது மரியாள் தன்னைக் குறித்துச் சொல்லும் சொல்லும் இதுவே. 1973-ஆம் ஆண்டில் டானா ரஃபேல் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர், தாய்ப்பால் ஊட்டுதலைப் பற்றி எழுதிய நூலில், பிள்ளை பெற்றவளுக்கு உதவியாக இருக்கும் பெண்ணைக் குறிக்க இதைப் பயன்படுத்தினார். அதன் பின்னர் பிரசவ வேளையில் கூட இருப்பவளுக்கும் இந்தப் பெயர் வழங்கலாயிற்று.

1980-ஆம் ஆண்டில் கிளாஸ், கென்னல் என்னும் இரண்டு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் அவர்களுடைய கூட்டாளிகளும் மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலா நாட்டில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. அங்கே பொது மருத்துவமனையில் பிரசவ அறைக்குள் உறவினரை அனுமதிப்பதில்லை. தாய்மார் தனியாகவே வலியை அனுபவித்தார்கள். அவர்களில் சிலருடன் மட்டும் ஒரு பெண்ணைத் தொடக்கமுதல் முடிவுவரை இருக்கச் செய்தார்கள். அவள் மருத்துவம் படித்தவள் அல்ல. அந்தத் தாய்க்கு முன்பின் அறிமுகமானவளும் அல்ல. முதுகைத் தடவிக்கொடுப்பாள், கையைப் பிடித்துக்கொள்வாள், பேசிக்கொண்டிருப்பாள், அவ்வளவுதான். அப்படித் துணை கிடைத்த தாய்மாருக்குச் சிக்கல்கள் குறைந்தன. வலி எடுத்திருந்த நேரமும் வெகுவாகக் குறைந்தது.

அது சிறிய ஆய்வு. பிற்பாடு பல நாடுகளில் பெரிய ஆய்வுகள் நடந்தன. 2017-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000-க்கு மேற்பட்ட பெண்களைக் கொண்டு செய்யப்பட்ட 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. இடைவிடாத துணை கிடைத்த தாய்மாரிடையே சுகப்பிரசவம் அதிகம், அறுவை சிகிச்சை குறைவு, வலிமருந்தின் தேவை குறைவு என்று அது கண்டது. ஆய்வுகளின் தரம் ஒரே சீராக இல்லை என்பதையும் அதை எழுதினவர்களே சொல்லியிருக்கிறார்கள். 2018-இல் உலக சுகாதார நிறுவனம் பிரசவப் பராமரிப்புக்கு வெளியிட்ட பரிந்துரைகளில், ஒவ்வொரு தாய்க்கும் அவள் விரும்பும் ஒருவர் துணையாக இருக்கவேண்டும் என்பதும் இடம்பெற்றது.

இனி, அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருவோம். டூலா சான்றிதழ் பெற என்ன தேவை? இந்தத் துறையில் பெயர்பெற்ற சங்கம் 1992-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நாம் மேலே சொன்ன கிளாஸ், கென்னல் ஆகிய இருவரும் அதை நிறுவினவர்களில் அடங்குவர். ‘டோனா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தச் சங்கத்தைப் பார்த்து வேறு பல சங்கங்களும் ஏற்பட்டன. அவை கேட்பவற்றில் சிற்சில வித்தியாசங்கள் இருந்தாலும் பொதுவான ஒழுங்கு இதுதான்:

ஏறத்தாழ 16 மணி நேரமாவது நடைபெறும் பயிற்சி முகாமில் கலந்துகொள்ள வேண்டும். பிரசவத்தைப் பற்றியும் தாய்ப்பால் ஊட்டுதலைப் பற்றியும் தனி வகுப்புகளுக்குச் செல்ல வேண்டும். குறித்துக்கொடுக்கும் புத்தகங்களை வாசிக்க வேண்டும். அதன்பின் உண்மையான பிரசவங்களில், பெரும்பாலும் மூன்றிலாவது, தொடக்கமுதல் துணை நின்று, அந்தத் தாயிடமிருந்தும் அங்கே பணியாற்றின மருத்துவர் அல்லது செவிலியரிடமிருந்தும் எழுத்துமூலமாக மதிப்பீடு வாங்கிவர வேண்டும். தான் கற்றதைக் கட்டுரையாக எழுத வேண்டும். தன் எல்லைக்குள் நடந்துகொள்வேன் என்று ஒழுக்க விதிகளில் கையெழுத்திட வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

அந்த எல்லை எது என்பதைச் சற்று விளக்க வேண்டும். டூலா இரத்த அழுத்தம் பார்ப்பதில்லை. குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பதில்லை. கர்ப்பவாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பரிசோதிப்பதில்லை. ஊசி போடுவதில்லை, மருந்து கொடுப்பதில்லை, பிள்ளையைப் பிடிப்பதும் இல்லை. அவையெல்லாம் மருத்துவரும் செவிலியரும் செய்யவேண்டியவை. மருத்துவர் சொல்வதற்கு மாறாகத் தாய்க்கு ஆலோசனை கொடுக்கவும் அவளுக்கு அனுமதி இல்லை. பயிற்சியில் பெரும்பகுதி, எதைச் செய்யக்கூடாது என்பதைக் கற்றுக்கொள்வதுதான் என்று எங்கள் கண்காணிப்பாளர் அம்மா சொன்னார்.

அந்தச் சான்றிதழைக் கொடுப்பது ஒரு சங்கம், அரசாங்கம் அல்ல. நம் நாட்டில் டூலாவுக்கென்று சட்டமும் இல்லை, பதிவேடும் இல்லை. செவிலியர், மருத்துவச்சி ஆகியோரின் நிலை வேறு. சென்னை மாகாணத்தில் 1926-ஆம் ஆண்டிலேயே செவிலியர், மருத்துவச்சியருக்கான சட்டம் ஏற்பட்டது. இந்திய நர்ஸிங் கவுன்சில் சட்டம் 1947-இல் வந்தது. துணைச் செவிலியர் படிப்பு இரண்டு ஆண்டு. பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு மூன்று ஆண்டு. பட்டப் படிப்பு நான்கு ஆண்டு. படித்து முடித்துக் கவுன்சிலில் பதிவு செய்த பிறகே பிரசவம் பார்க்கலாம். பயிற்சி பெற்ற செவிலியருக்கு மேலும் 18 மாதப் பேறுகாலப் பயிற்சி கொடுக்கும் திட்டத்தை மத்திய அரசு 2018-இல் அறிவித்தது. ஆகவே டூலா சான்றிதழ் கையில் இருக்கிறது என்பதற்காக ஒருத்தி பிரசவம் பார்க்கத் துணிந்தால், அது பெரிய ஆபத்தில் முடியும்.

இதை ஏன் அழுத்திச் சொல்லுகிறோம் என்றால், இயற்கை முறையில் வீட்டிலேயே பிள்ளை பெறவேண்டும் என்னும் ஆசை இந்தப் பகுதிக்கு வந்து தங்குகிறவர்கள் சிலரிடம் உண்டு. 2018 ஜூலை மாதத்தில் திருப்பூரில் ஒரு தாய், வீடியோவைப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் செய்ய முற்பட்டபோது இரத்தப்போக்கினால் உயிரிழந்ததை நீங்கள் செய்தித்தாள்களில் வாசித்திருப்பீர்கள். பிள்ளை பிறந்தபின் நிற்காமல் ஓடும் இரத்தத்தை அன்பான வார்த்தையால் நிறுத்த முடியாது. அதற்கு மருந்தும் இரத்தமும் பயிற்சி பெற்ற கைகளும் வேண்டும்.

நம் பகுதியில் மிஷன் மருத்துவமனைகள் தோன்றினதற்குக் காரணமே இதுதான். ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டார் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். மூவர் வீட்டிலும் பெண்கள் பிரசவ வேதனையில் இருந்தார்கள். ஆண் மருத்துவராகிய அவருடைய தகப்பனாரை வீட்டிற்குள் அழைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள். அந்த இரவுதான் அவரை மருத்துவம் படிக்கச் செய்தது. 1899-இல் பட்டம் பெற்றுத் திரும்பிவந்தார். 1902-இல் வேலூரில் மருத்துவமனை. 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. பிரசவத்தில் படித்த கை வேண்டும் என்று அந்நாட்களில் சொன்னவர்களின் உழைப்பு வீண்போகவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. 2018-20 கணக்கின்படி ஒரு லட்சம் பிறப்புகளுக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது, தமிழ்நாட்டில் 54 என்ற அளவுக்குக் குறைந்தது. இதற்காக நாம் நன்றி செலுத்தவேண்டும்.

ஆனால், பிரியமானவர்களே, தாயை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தபோது நாங்கள் ஒரு தவறும் செய்தோம். அதை இன்று உங்கள்முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. இங்கேதான் அந்தப் பெண்ணின் ஆயா வருகிறார்.

அவர் கிரிவலப் பாதைக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்தின் மருத்துவச்சி. எழுதப் படிக்கத் தெரியாது. 1990-களில் கிராமத்து மருத்துவச்சிகளை அழைத்து நாங்கள் பயிற்சி கொடுத்தபோது அவரும் வந்தார். கை சுத்தம், இடம் சுத்தம், பிளேடு சுத்தம், கட்டும் நூல் சுத்தம், தொப்புள்கொடி சுத்தம் என்று ஐந்தையும் விரல் மடக்கிச் சொல்வார். சோப்பும் புது பிளேடும் நூலும் வைத்த பையைத் தலையணைக்கடியில் பத்திரமாக வைத்திருப்பார். சிக்கல் என்று தெரிந்தால் தாமதிக்காமல் மாட்டுவண்டியிலாவது ஏற்றி எங்களிடம் கொண்டுவருவார்.

ஓர் இரவு அவர் முதல் பிரசவத்துக்காரி ஒருத்தியை அழைத்துவந்தார். பத்தொன்பது வயதுப் பெண். அந்நாட்களில் எங்கள் லேபர் வார்டில் ஒழுங்கு மிகக் கண்டிப்பு. நோயாளி மட்டும் உள்ளே. மற்றவர் யாவரும் வராந்தாவில். நோய்த்தொற்று வரும், கூச்சல் வரும், மற்றத் தாய்மாருக்கு மறைவிடம் இராது என்பன நாங்கள் சொன்ன காரணங்கள். அவை பொய்யான காரணங்கள் அல்ல. அந்தப் பாட்டியம்மாவுக்கும் கதவு அடைக்கப்பட்டது. அவர் இரவு முழுவதும் கதவோரத்தில் உட்கார்ந்திருந்தார். உள்ளேயிருந்து அலறல் கேட்கும்போதெல்லாம் எழுந்து நின்று, “நான் இங்கதான் இருக்கிறேன் கண்ணு” என்று கதவைப் பார்த்துச் சொன்னார். அது உள்ளே கேட்டிருக்க முடியாது. நாங்களும் அவ்வழியே போனோம், வந்தோம். அவருடன் உட்கார்ந்து ஜெபம் பண்ணினோமேயொழிய, கதவைத் திறக்கச் சொல்லவேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

காலையில் தாயும் பிள்ளையும் நலம் என்ற செய்தி வந்தது. பதிவேட்டில் அது சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வார்டைச் சந்திக்கப் போனபோது அந்தப் பெண், “கொழந்த நல்லாதான் பொறந்துச்சி ஐயா. ஆனா அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் அநாத மாதிரி கெடந்தேன். தண்ணி கேட்டாகூட ஆளில்லை” என்றாள். ஒரே நர்ஸ் நான்கு தாய்மாரைப் பார்க்கவேண்டிய இரவு அது. நர்ஸையும் குறைசொல்ல இயலாது. நாங்கள் ஆறுதல் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாம் பிரசவத்துக்கு அவள் எங்களிடம் வரவில்லை. பாட்டியம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தும், “அந்த ரூமுக்கு நான் போவமாட்டேன்” என்று சொல்லிவிட்டாள். வீட்டில் பிள்ளை பிறந்தது; நஞ்சுக்கொடி முழுவதும் விழவில்லை. இரத்தம் நிற்கவில்லை என்று கண்டதும் பாட்டியம்மா வண்டி பிடித்து அழைத்து வந்தார். வந்து சேர்ந்தபோது காலம் கடந்துவிட்டது. அன்று வராந்தாவில் அவருடைய முகத்தைப் பார்த்து ஆறுதல் சொல்ல எங்களுக்கு வார்த்தை வரவில்லை. அவர் எங்களை ஒரு வார்த்தையும் குற்றம் சொல்லவில்லை.

இரத்தப்போக்கு அவளுடைய சாவுக்குக் காரணம் என்று எங்கள் பதிவேடு சொல்லுகிறது. அது உண்மை. அடைத்த கதவும் ஒரு காரணம் என்பது பதிவேட்டில் இல்லை.

இதில் அரசாங்கம் நமக்கு முந்திக்கொண்டது என்று சொல்ல நாங்கள் வெட்கப்படவில்லை. 2004-ஆம் ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு தன் மருத்துவமனைகளில் பிரசவ வேளையில் ஒரு பெண் துணையிருக்க அனுமதி கொடுத்தது. 2016-இல் மத்திய அரசும் நாடு முழுவதுமுள்ள அரசு மருத்துவமனைகளுக்கு அதைச் சொன்னது. அந்தத் துணைக்கு என்ன தகுதி கேட்டார்கள் என்பதைக் கவனியுங்கள். அவள் தானும் பிரசவ அனுபவம் உள்ள பெண்ணாக இருக்கவேண்டும். தொற்றுநோய் இல்லாதவளாக, சுத்தமான உடை உடுத்தினவளாக இருக்கவேண்டும். பிரசவம் முடியும்வரை கூடவே இருக்க மனமுள்ளவளாக இருக்கவேண்டும். ஊழியரின் வேலையிலும் சிகிச்சையிலும் தலையிடக்கூடாது. அறையிலுள்ள மற்றப் பெண்களிடம் போகக்கூடாது. மறைவிடத்துக்கு வசதி இருக்கும் இடத்தில் கணவனும் துணையிருக்கலாம்.

இவற்றில் ஒன்றுக்கும் சான்றிதழ் தேவையில்லை. தோட்டை அடகு வைக்க நினைத்த அந்தப் பெண்ணுக்கு இந்தத் தகுதிகள் எல்லாம் ஏற்கெனவே இருந்தன. அவளுடைய ஆயாவுக்கும் இருந்தன.

அப்படியானால் பயிற்சியே வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். வேண்டும். அன்பு மாத்திரம் போதாது. “இதுகூடத் தாங்கமாட்டியா?” என்று திட்டுகிற மாமியாரும் துணைதான். பக்கத்து வீட்டில் நடந்த சாவுக் கதையைச் சொல்லிப் பயமுறுத்துகிற அத்தையும் துணைதான். தலை தெரியுமுன்னே “முக்கு, முக்கு” என்று கத்தித் தாயைக் களைப்படையச் செய்கிறவர்களும் உண்டு. ஆகவே இப்பொழுது எங்கள் மருத்துவமனையில், ஏழாம் மாதப் பரிசோதனைக்கு வரும் தாயிடம், “உனக்குத் துணையாக யார் வருவார்கள்?” என்று கேட்கிறோம். அவள் குறிப்பிடும் பெண்ணையும் அடுத்த தடவை அழைத்துவரச் சொல்லுகிறோம். செவிலியர் அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறார்.

கற்றுக்கொடுப்பவை எளியவை. கையைச் சோப்புப்போட்டு எப்படிக் கழுவவேண்டும். வலி தொடங்கி முடிவதுவரை எத்தனை கட்டம். முதல் பிரசவத்தில் நேரம் ஏன் நீளுகிறது. வலி வரும்போது இடுப்பின் பின்புறத்தை உள்ளங்கையால் எப்படி அழுத்திப் பிடிப்பது. வலி விடும்போது எப்படி நடக்கவைப்பது, ஒருக்களித்துப் படுக்கவைப்பது. செவிலியர் அனுமதித்தால் எப்போது தண்ணீர் கொடுப்பது. மூச்சை அடக்காமல் மெதுவாக விடச் சொல்வது. திட்டக்கூடாது, அடிக்கக்கூடாது, ஆண்பிள்ளையா பெண்பிள்ளையா என்ற பேச்சை எடுக்கக்கூடாது. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டுச் சீம்பால் கொடுக்கத் துணை செய்வது. எல்லாவற்றிலும் முக்கியமாக, செவிலியரை உடனே அழைக்கவேண்டிய அடையாளங்கள்: இரத்தப்போக்கு, வலிப்பு, தாங்கமுடியாத தலைவலி, கண் மங்குதல், பனிக்குடத் தண்ணீர் பச்சையாக வருதல், பிள்ளையின் அசைவு குறைதல். இவற்றைக் கண்டால் தான் ஒன்றும் செய்யாமல் குரல் கொடுக்கவேண்டும்.

அழைத்துவர ஒருவரும் இல்லாத தாய்மாரும் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து செங்கல் சூளையில் வேலை செய்கிறவர்கள், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவருகிறவர்கள், வீட்டார் கைவிட்டவர்கள். அவர்களுக்காகவே, தங்கள் நேரத்தைக் கொடுக்க முன்வரும் பெண்களைத் தெரிந்துகொண்டு இதே பயிற்சியைச் சற்று விரிவாகக் கொடுக்க நினைத்தோம். முதலில் செவிலியரோடு நின்று பார்க்க வேண்டும். பிறகு மூன்று பிரசவங்களில் துணை நிற்க வேண்டும். ஒவ்வொன்றின் முடிவிலும் அந்தத் தாயைக் கேட்போம். வெளிநாட்டுச் சங்கங்களின் ஒழுங்கில் எங்களுக்கு மிகவும் பிடித்தது இந்தக் கடைசிப் பகுதிதான். துணை நின்றவளைக் குறித்துச் சாட்சி சொல்லவேண்டியவள் பிள்ளை பெற்ற தாய்தானே? முடிவில் நாங்கள் கொடுப்பது சான்றிதழ் அல்ல. பிரசவ அறைக்குள் வர அனுமதிக்கும் ஓர் அட்டை, அவ்வளவுதான். அது எங்கள் வாசலுக்கு வெளியே செல்லாது என்பதையும் முன்னதாகவே சொல்லிவிடுகிறோம்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னோம். “இது தொழிலாக வேண்டும், வெளிநாட்டவரிடமும் நகரத்துத் தனியார் மருத்துவமனைகளிலும் போய்ச் சம்பாதிக்க வேண்டும் என்றால், ஏதாவதொரு சங்கத்தின் பயிற்சி உனக்கு உதவக்கூடும். ஆனால் பணம் கட்டுமுன் நான்கு காரியங்களைக் கேள். நேரில் பயிற்சி உண்டா? உண்மையான பிரசவத்தில் நிற்கவைப்பார்களா? எதைச் செய்யக்கூடாது என்று சொல்லிக்கொடுப்பார்களா? நீ போக நினைக்கும் மருத்துவமனை உன்னை உள்ளே விடுமா? நான்குக்கும் ஆம் என்று பதில் வராவிட்டால் தோட்டை அடகு வைக்காதே, மகளே. பிரசவம் பார்க்கவே விருப்பமானால், துணைச் செவிலியர் படிப்புக்கு வழி தேடுவோம். துணை நிற்கவே விருப்பமானால், திங்கட்கிழமை வா” என்றோம்.

அவள் திங்கட்கிழமை வந்தாள்.

சில மாதங்களுக்குப் பின் அவளுடைய தம்பி மனைவிக்கு வலி எடுத்தது. இவளே துணையாக வந்தாள். மாலை ஆறு மணிமுதல் கூடவே இருந்தாள். இரவு இரண்டு மணிக்குமேல் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கிற்று. அறுவை சிகிச்சை செய்யவேண்டும் என்று மருத்துவர் தீர்மானித்தார். அந்தப் பெண் பயந்து அழுதாள். இவள் மருத்துவரோடு வாதாடவில்லை. சுகப்பிரசவம் ஆகியிருக்குமே என்று சொல்லவுமில்லை. “டாக்டரம்மா சொல்றது கொழந்தைக்காகத்தான். நான் எங்கயும் போவல, கதவுக்கு வெளியவே நிக்கறேன். நீ கண்ணு தெறக்கும்போது இருப்பேன்” என்று சொன்னாள். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நின்றுவிட்டாள். அந்தக் கதவு அடைக்கப்படவேண்டிய கதவு. எந்தக் கதவு திறக்கப்படவேண்டும், எது அடைக்கப்படவேண்டும் என்பதை அவள் கற்றிருந்தாள். விடியற்காலையில் தாய் கண் திறந்து, “நீ போவலயா அண்ணி?” என்று கேட்டபோது, பிள்ளையை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

2019-21 ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் அறுவை சிகிச்சையால் நடக்கின்றன. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் அது 34.1 சதவீதமாக இருந்தது. துணைக்கு ஒருத்தி இருந்தால் இந்தக் கணக்கு இறங்கிவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டோம். வேறு பல காரணங்களும் இதில் உண்டு. ஆனால் எந்த வழியில் பிள்ளை பிறந்தாலும், தாய் அநாதையாகக் கிடந்தேன் என்று சொல்லாதிருக்க நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு.

யாத்திராகமத்தின் முதல் அதிகாரத்தில் சிப்பிராள், பூவாள் என்ற இரண்டு எபிரெய மருத்துவச்சிகளின் பெயர்கள் எழுதப்பட்டிருக்கின்றன. அவர்களுக்குக் கட்டளையிட்ட எகிப்து ராஜாவின் பெயரோ அங்கே எழுதப்படவில்லை. பிரசவ வேளையில் பயப்படாமல் கூட நின்ற பெண்களை வேதம் அப்படிக் கனம்பண்ணுகிறது. நாங்கள் வராந்தாவில் உட்காரவைத்த பாட்டியம்மாவும் அந்த வரிசையைச் சேர்ந்தவர். அவர் இப்போது உயிரோடில்லை. அவருடைய பேத்தியின் அட்டையை நாங்கள் எழுதிக்கொடுத்த நாளில் அவரை நினைத்துக்கொண்டோம்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இரண்டு காரியங்கள். எங்கள் பிரசவ அறையில் கட்டிலுக்குக் கட்டில் திரை இல்லை. திரை இல்லாவிட்டால் ஒருத்திக்குத் துணையாக வருகிறவள் மற்றவளுக்குக் கூச்சமாகிவிடுகிறாள். துணை நிற்பவள் இரவெல்லாம் உட்கார முக்காலியும் இல்லை. ஒரு திரை, ஒரு முக்காலி. இதுதான் எங்கள் முதல் தேவை. இரண்டாவது, பிள்ளை பெற்று வளர்த்து, இப்போது வீட்டில் சற்று ஓய்வாயிருக்கும் சகோதரிகள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். படிப்பைக் கேட்கமாட்டோம். ஓர் இரவு முழுவதும் எழுந்துபோகாமல் ஒருத்தியின் அருகே உட்கார்ந்திருக்க உங்களால் கூடுமா என்பதை மட்டும் கேட்போம். கூடுமானால், திங்கட்கிழமை காலை வகுப்புக்கு வாருங்கள். பேத்தியும் அங்கே இருப்பாள். இப்போது கைகழுவும் பாடத்தை அவள்தான் நடத்துகிறாள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.